வங்கக்கடலில் புயல் சின்னம்: பெங்களூரில் இருந்துகொண்டு எதை நம்பி முடிவெடுப்பது?

அக்டோபர் பாதி தாண்டிவிட்டால், பெங்களூரில் இருக்கும் கடலோர மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு கண் வங்கக்கடல் மேலேயே இருக்கும். "ஏதோ சுத்துதாமே, பார்த்தீங்களா அண்ணா?" என்று எலெக்ட்ரானிக் சிட்டி கேன்டீனில் நாகப்பட்டினத்துப் பையன் ஒருவன் ஆரம்பிப்பான். பக்கத்து மேஜையிலிருந்து தூத்துக்குடிக்காரர் ஒருவர் போனை நீட்டிக்கொண்டு வருவார். அவர் காட்டும் படத்தில் புயல் நெல்லூருக்குப் போகும். இவன் போனில் அதே புயல் வேதாரண்யத்துக்கு வரும். தொலைக்காட்சி சென்னைக்கு என்று சொல்லும். ஊருக்குப் போன் போட்டால் அம்மா, "இங்க நல்லா வெயிலடிக்குது, நீ ஏன் பதறுற?" என்பார்.

இதற்கு நடுவில் நாம் எடுக்க வேண்டிய முடிவு ஒன்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு சாந்தி நகரில் பஸ் ஏறுவதா, வேண்டாமா? தனியாக இருக்கும் அப்பா அம்மாவை முன்கூட்டியே இங்கே அழைத்துக்கொள்வதா? இல்லை, அவர்கள் அங்கேயே இருக்கட்டும், வேண்டியதை வாங்கி வைக்கச் சொன்னால் போதும் என்று விடுவதா? என் பெற்றோர் கடலூரில் இருப்பதால் அந்த ஊரை வைத்தே பேசுகிறேன். மற்ற ஊர்க்காரர்கள் ஆற்றின் பெயரையும் சாலையின் பெயரையும் மாற்றிக்கொள்ளலாம்.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்திய வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கைதான் அடிப்படை. அதற்குத் துணையாக, ஐரோப்பிய வானிலை மையம் கணினியில் கணித்துக் காட்டும் 'மாடலின்' மழைப் படம். மற்றதெல்லாம் இந்த இரண்டையும் புரிந்துகொள்ள எவ்வளவு உதவுகிறதோ அவ்வளவுதான். ஆனால் புயல் வர எத்தனை நாள் இருக்கிறது என்பதைப் பொறுத்து எதற்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பது மாறும்.

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்கள் சில நேரம் மயாமியில் உள்ள தேசிய ஹரிகேன் மையத்தின் படத்தை அனுப்பி, "இதைப் பாருங்க, ரொம்பத் தெளிவா இருக்கும்" என்பார்கள். தெளிவானதுதான். அடுத்த ஏழு நாளில் எங்கே புயல் உருவாகலாம் என்பதை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வண்ணம் பூசிக் காட்டும். ஆனால் அது அட்லாண்டிக்குக்கும் கிழக்குப் பசிபிக்குக்கும் மட்டும். அட்லாண்டிக்கில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை ஒரே பருவம். நம் பக்கம் பருவமழைக்கு முன்னால் ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரு முறை, பின்னால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொரு முறை. தமிழ்நாட்டுக் கடற்கரைக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான் ஆபத்து. மயாமி மையம் கொடுப்பது போன்ற அறிவிப்பு நமக்கும் உண்டு. பலர் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

வானிலை மையத்தின் அறிக்கை

வங்கக்கடலிலும் அரபிக்கடலிலும் புயலைக் கண்காணிக்கும் பொறுப்பை உலக வானிலை அமைப்பு புதுதில்லி மையத்திடம் கொடுத்திருக்கிறது. இலங்கை, வங்கதேசம், மியான்மர், ஓமன் என்று சுற்றியிருக்கும் நாடுகளுக்கும் ஆலோசனை அங்கிருந்துதான் போகிறது. 13 நாடுகள் கொடுத்த 169 பெயர்களின் பட்டியலிலிருந்து புயலுக்குப் பெயர் சூட்டுவதும் அதே மையம்.

அங்கிருந்து தினமும் முற்பகல் 11.30 மணிக்கு ஒரு வெப்பமண்டல வானிலைக் கண்ணோட்டம் வெளியாகிறது. முழுக்க ஆங்கிலக் கலைச்சொற்கள். அவற்றைத் தாண்டி அட்டவணைக்குப் போய்விடுங்கள். அடுத்த 24 மணி நேரம், அதற்கடுத்த 24 மணி நேரம் என்று ஏழு நாள் வரை கட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் காற்றழுத்த தாழ்வு மண்டலம் உருவாகும் வாய்ப்பு 'இல்லை', 'குறைவு', 'மிதம்', 'அதிகம்' என்று நான்கில் ஒன்றாகக் குறித்திருக்கும். குறைவு என்றால் 33 சதவீதம் வரை, மிதம் என்றால் 67 வரை, அதற்கு மேல் அதிகம்.

இந்த அட்டவணையைத் தனியாகப் படித்தால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. நேற்றைய அட்டவணையைப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். நேற்று ஐந்தாவது கட்டத்தில் 'குறைவு' என்று இருந்தது, இன்று நான்காவது கட்டத்தில் 'மிதம்' என்று மாறியிருந்தால் விஷயம் நெருங்கி வருகிறது, உறுதியும் கூடுகிறது. நேற்று நான்காவதில் இருந்தது இன்றும் நான்காவதிலேயே நின்றால், உருவாவது தள்ளிப்போகிறது. வியாழக்கிழமைதோறும் அடுத்த இரண்டு வாரத்துக்கான நீண்டகாலக் கண்ணோட்டம் ஒன்றும் வரும். கல்யாணம், காதுகுத்து என்று தேதி குறித்துப் பயணம் வைத்திருப்பவர்கள் அதையும் பார்த்து வைக்கலாம்.

காற்றின் வேகம் மணிக்கு 31 கிலோமீட்டரைத் தொட்டுத் தாழ்வு மண்டலம் ஆகிவிட்டால் அறிக்கைகள் ஒரு நாளைக்கு ஐந்து ஆகும். 50-இல் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-இல் புயல், அப்போது மூன்று மணி நேரத்துக்கு ஒரு அறிக்கை. கரையோர மாவட்டங்களுக்கான எச்சரிக்கை நான்கு படிகளில் வரும். 72 மணி நேரம் முன்னால் ஒரு முன்னறிவிப்பு, 48 மணி நேரம் முன்னால் உஷார், 24 மணி நேரம் முன்னால் எச்சரிக்கை, 12 மணி நேரம் முன்னால், 'கரை கடந்த பிறகு உள்மாவட்டங்களில் என்ன ஆகும்' என்ற கணிப்பு. இந்தக் கடைசி அறிக்கையைத்தான் பெங்களூரிலிருந்து சாலையில் போகிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இந்தப் படிகளோடு டிக்கெட் கணக்கு ஒன்றும் சேர்ந்து வரும். உறுதியான ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே ரத்து செய்தால் பிடித்தம் குறைவு. ரயில் கிளம்பும் நேரம் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடும். ரயில்வேயே ரயிலை ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பி வரும். ஆகவே உஷார் அறிவிப்புக்காகக் காத்திருக்காமல், முதல் முன்னறிவிப்பு வந்த அன்றே டிக்கெட்டைப் பற்றி யோசித்துவிடுவது நல்லது.

இந்த அறிக்கையை அடிப்படையாக வைக்கச் சொல்வதற்கு அதன் துல்லியம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், கலெக்டர் பள்ளிக்கு விடுமுறை விடுவதும், மீனவர்களைக் கரைக்கு அழைப்பதும், ரயில்வே வண்டியை நிறுத்துவதும் இதை வைத்துத்தான். நீங்கள் வேறொரு மாடலை நம்பிக் கிளம்பினாலும், உங்கள் ரயில் ஓடுவது இந்த அறிக்கையை நம்பி.

குறை இல்லாமல் இல்லை. 2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சலை நினைத்துப் பாருங்கள். 27-ஆம் தேதி அது புயலாகும் என்றார்கள். 28-ஆம் தேதி புயலாகாது, ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகவே கரை கடக்கும் என்று மாறியது. 29-ஆம் தேதி மதியம் புயலாகிவிட்டது. 30-ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. "புயல் இல்லையாம்" என்ற அந்த ஒரு நாள் செய்தியை நம்பிக் கிளம்பியவர்கள் எத்தனையோ பேர். உண்மையில் புயலா, தாழ்வு மண்டலமா என்ற வித்தியாசம் மணிக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் காற்றில்தான் இருந்தது. கனமழை எச்சரிக்கை அந்த நாட்களில் எங்கேயும் போய்விடவில்லை. தலைப்பை மட்டும் படித்தவர்களுக்கு அது கண்ணில் படவில்லை.

பாதைப் படத்தில், புயல் எங்கெல்லாம் போகக்கூடும் என்று காட்டும் கூம்பையும் சரியாகப் பார்க்க வேண்டும். நடுக்கோடு எந்த ஊரில் தொடுகிறது என்று பார்ப்பதுதான் எல்லாருடைய பழக்கம். ஒரு நாள் முன்கணிப்பிலேயே சராசரியாக 70, 80 கிலோமீட்டர் விலகும். மூன்று நாள் என்றால் 150 வரைகூடப் போகும். மரக்காணத்துக்கும் கடலூருக்கும் இடையே அவ்வளவு தூரமே கிடையாது. கூம்புக்குள் உங்கள் ஊர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். 2016 டிசம்பரில் வர்தாவுக்கு முதலில் சொல்லப்பட்டது ஆந்திரக் கடற்கரை. 12-ஆம் தேதி அது சென்னையில் இறங்கி ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது.

நேரம் போதாமல் போகும் புயல்களும் உண்டு. 2017-இல் ஒக்கி, தாழ்வு மண்டலமாக அறிவிக்கப்பட்ட ஏறத்தாழ ஒரே நாளில் கன்னியாகுமரி அருகே புயலானது. கடலுக்குள் இருந்த மீனவர்களுக்குத் திரும்பி வர நேரமில்லை. இலங்கையை ஒட்டியும் குமரிக்கடலிலும் உருவாகிறவை கரைக்கு மிக அருகிலேயே பிறக்கின்றன. 72 மணி நேரம், 48 மணி நேரம் என்ற படிகளுக்கு அங்கே இடமிருக்காது. தென்மாவட்டத்துக்காரர்கள் அட்டவணையில் 'மிதம்' என்று வந்ததுமே அதை 'அதிகம்' என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

விண்டி படங்களும் மாடல்களும்

வண்ணக் காற்று சுழலும் விண்டி செயலியைப் பார்க்காத ஐடிக்காரர் பெங்களூரில் இருக்க மாட்டார். அதில் வழக்கமாகத் தெரிவது ஐரோப்பிய மையத்தின் மாடல். கீழே ஒரு பொத்தானைத் தொட்டால் அமெரிக்க மாடலுக்கு மாறும். மாற்றிப் பாருங்கள். ஐந்து நாள் கழித்துக் காரைக்காலுக்கு எதிரே நின்ற சுழல், ஒரு தொடுகையில் மசூலிப்பட்டினத்துக்குப் போய்விடும். கேன்டீனில் இரண்டு போனில் இரண்டு புயல் தெரிந்ததற்கு இதுதான் காரணம்.

இரண்டில் எது மேல் என்று கேட்டால், ஒரு வாரத்துக்குள் ஐரோப்பிய மாடல்தான். பூமியை ஏறத்தாழ 9 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து நுணுக்கமாகக் கணக்குப் போடுகிறது, அமெரிக்க மாடலின் கட்டம் 13 கிலோமீட்டர். அமெரிக்க மாடல் பதினாறு நாள் வரை படம் காட்டும். அந்தத் தொலைவில் வங்கக்கடலில் பெரும்புயலை வரைந்து காட்டிவிட்டு, ஆறு மணி நேரம் கழித்து வரும் அடுத்த ஓட்டத்தில் அதைத் துடைத்துவிடுவது அதன் குணம். பத்து நாளுக்கு அப்பால் உள்ள ஒரு படத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து யாராவது குடும்பக் குழுவில் போட்டால் அதை வைத்து எதையும் செய்ய வேண்டாம்.

மாடல்கள் இப்படி முரண்படுவதற்கு நல்ல காரணம் இருக்கிறது. சுழற்சிக்கு இன்னும் மையமே அமையாத கட்டத்தில், எந்த இடத்தில் மையம் கொள்ளும் என்பதையே மாடல் ஊகிக்க வேண்டியிருக்கிறது. அந்த இடம் ஒரு பாகை வடக்கே தள்ளிப் போனால் கரை கடக்கும் ஊர் மாறிவிடும். தாழ்வு மண்டலம் அமைந்த பிறகுதான் படங்கள் ஒன்றையொன்று நெருங்கி வரும். அதுவரை ஒற்றைக் கோட்டை நம்புவதில் பொருளில்லை. அதற்குப் பதில், ஆரம்ப நிலையைச் சிறிது சிறிதாக மாற்றி ஐம்பது தடவை ஓட்டிப் பார்த்த தொகுப்புப் படத்தை ஐரோப்பிய மையமே தன் இணையதளத்தில் போடுகிறது. ஐம்பதில் பத்து மட்டும் தமிழ்நாட்டுக்கு வந்தால் ஒரு நிலை, நாற்பது வந்தால் வேறு நிலை. ஐந்து நாளுக்கு முன்னால் முடிவெடுக்க வேண்டியிருந்தால் நான் பார்ப்பது அதைத்தான். 2025 பிப்ரவரியிலிருந்து செயற்கை நுண்ணறிவு மாடலும் அங்கே அன்றாடப் பயன்பாட்டில் இருக்கிறது. பாதையை நன்றாகவே சொல்கிறது, காற்றின் உச்சத்தைத்தான் குறைத்துக் காட்டும்.

ஒன்றை மட்டும் விடாமல் செய்யுங்கள். விண்டியில் காற்றுப் படத்தை மூடிவிட்டு, அடுத்த மூன்று நாள் மொத்த மழை என்ற படத்தைத் திறங்கள். ஊரை மட்டும் பார்க்காமல் பெங்களூரிலிருந்து ஊர் வரைக்கும் உள்ள சாலை முழுவதையும் பாருங்கள்.

அதே நேரம், உலக அளவிலான மாடல்களுக்கு ஒரு பேட்டையில் கொட்டும் மழை பிடிபடாது. 2021 டிசம்பர் 30 அன்று சென்னையில் சில மணி நேரத்தில் கொட்டித் தீர்த்த மழையை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அந்த அளவில் உதவுவது ரேடார் மட்டுமே. சென்னை, காரைக்கால், ஸ்ரீஹரிகோட்டா ரேடார் படங்கள் வானிலை மையத்தின் பக்கத்தில் பொதுவில் கிடைக்கின்றன. ஆனால் ரேடார் அடுத்த சில மணி நேரத்துக்குத்தான். பெங்களூரில் உட்கார்ந்து பயணத்தைத் திட்டமிட அது உதவாது, வழியில் இருப்பவருக்கு உதவும்.

பேர்ல் ஹார்பரில் இருக்கும் அமெரிக்க ராணுவத்தின் கூட்டுப் புயல் எச்சரிக்கை மையத்தையும் சிலர் பின்தொடர்கிறார்கள். பெயர் சூட்டுவதற்கு முன்பே அங்கே எண் கொடுத்துக் கண்காணிக்க ஆரம்பித்துவிடுவார்கள், அந்த வகையில் முன்னறிவு கிடைக்கும். ஆனால் அவர்கள் ஒரு நிமிடச் சராசரிக் காற்றைச் சொல்கிறார்கள், நம் மையம் மூன்று நிமிடச் சராசரியை. அதனால் அவர்கள் எண் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். "நம்மாளுங்க மறைக்கிறாங்க, அமெரிக்காக்காரன் உண்மையைச் சொல்றான்" என்று ஒவ்வொரு புயலுக்கும் கிளம்பும் பேச்சுக்கு இதுவே மூலம். நேரமும் கிரீன்விச் நேரம், ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். நம் முடிவுக்கு இது தேவையில்லை என்பது என் கருத்து.

நம் ஊர் வானிலை ஆர்வலர்களை அப்படித் தள்ளிவிட முடியாது. தமிழ்நாடு வெதர்மேன் பிரதீப் ஜான் போன்றவர்கள் ஊர்ப்பெயர் சொல்லி, எந்த நேரத்தில் மழைக்கூட்டம் உள்ளே வரும் என்று எழுதுகிறார்கள். அறிக்கையில் 'வட கடலோர மாவட்டங்கள்' என்று பொத்தாம்பொதுவாக இருப்பது இவர்களிடம் மரக்காணம், பரங்கிப்பேட்டை என்று உருவம் பெறும். அதற்காகவே படிக்கிறேன். யாரைப் படித்தாலும், நிச்சயமில்லாததை நிச்சயமில்லை என்று எழுதுகிறாரா என்று பாருங்கள். பத்து நாள் முன்னால் ஊரும் நேரமும் சொல்கிறவரை விட்டுவிடலாம். வாட்ஸ்அப்பில் சுற்றும் காணொளிகள் பெரும்பாலும் பழைய புயல்களுடையவை, தேதி இல்லாத எதையும் அம்மாவுக்கு அனுப்பாதீர்கள்.

தொலைக்காட்சியில் அடிக்கடி வருவது துறைமுகத்தில் ஏற்றிய கூண்டு. ஒன்றாம் எண் கூண்டு என்றால் தொலைவில் கடலில் ஒரு சின்னம் உருவாகியிருக்கிறது என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. கப்பல்களுக்கான அறிவிப்பு அது. எட்டு, ஒன்பது, பத்து என்றால்தான் பெரும் ஆபத்து.

பெங்களூர் வானத்தைப் பார்த்து முடிவெடுப்பவர்களும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டை ஒட்டிப் புயல் நின்றால் இங்கே வானம் மூடிக்கொண்டு, குளிர்காற்றும் தூறலும் இருக்கும். 2022 டிசம்பரில் மாண்டஸ் வந்தபோது அப்படித்தான் ஊரே நடுங்கியது. அது நடந்துகொண்டிருப்பதைச் சொல்லுமே தவிர, வரப்போவதைச் சொல்லாது.

கரை கடக்கும் ஊரைத் தாண்டி

எல்லாத் தகவலும் ஒரே கேள்விக்குத்தான் போட்டி போட்டுக்கொண்டு பதில் சொல்கின்றன: எங்கே கரை கடக்கும்? கடலோரத்தில் ஓட்டு வீட்டிலோ கூரை வீட்டிலோ இருப்பவருக்கு அது உயிர்க் கேள்வி. 2011 டிசம்பர் 30 காலையில் தானே கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கடந்தபோது பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு விழுந்தன. 2018-இல் கஜா டெல்டாவின் தென்னந்தோப்புகளைத் தரைமட்டமாக்கியது. காற்றுப் புயல்கள் அவை.

ஆனால் நம்மைப் போல் வெளியூரிலிருந்து போகிறவர்களை மாட்டிவிடுவது பெரும்பாலும் மழை. 2023-இல் மிக்ஜாம் சென்னையில் கரையைக் கடக்கவே இல்லை. நூறு கிலோமீட்டர் அளவு தள்ளிக் கடலில் போய், டிசம்பர் 5 அன்று ஆந்திராவில் பாபட்லா அருகே கடந்தது. அதற்குள் 3, 4 தேதிகளில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் முடிச்சூரும் மூழ்கிவிட்டன. 2020-இல் புரெவி இலங்கையைக் கடந்து, வலுவிழந்து, மன்னார் வளைகுடாவில் அப்படியே நின்றது. புயலே இல்லை என்று ஆன பிறகுதான் சிதம்பரம் நடராஜர் கோயிலுக்குள் தண்ணீர் புகுந்தது. சென்னையை மூழ்கடித்த 2015 டிசம்பர் 1 மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அதற்குப் புயல் பெயரே கிடையாது.

பெங்களூர்க்காரர்கள் மறக்கக் கூடாதது ஃபெஞ்சல்தான். கரை கடந்ததும் கலைந்துபோகாமல் புதுச்சேரி மேலேயே மணிக்கணக்கில் நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர். பிறகு மேற்கே நகர்ந்து கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. ஊத்தங்கரை கடலிலிருந்து 130 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிறது. பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி, செங்கம், திருவண்ணாமலை வழியாகத் திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் போகிறவர்கள் தேநீர் குடிக்க நிறுத்தும் ஊர் அது. சாலையோரம் நின்ற வேன்களையும் கார்களையும் வெள்ளம் ஏரிக்குள் இழுத்துக்கொண்டு போனது. திருவண்ணாமலையில் மலையடிவாரத்தில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். 'கரையைக் கடந்துவிட்டது' என்ற செய்தி வந்த பிறகு நடந்தவை இவை. கடைசி அறிக்கையைப் படிக்கச் சொன்னது இதனால்தான்.

அதோடும் முடியவில்லை. அத்தனை மழையும் தென்பெண்ணையில் சேர்ந்து, சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்தார்கள். டிசம்பர் 2 அன்று அரசூர் அருகே சென்னை-திருச்சி நெடுஞ்சாலை தண்ணீருக்குள் போனது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தில் நீர்மட்டம் ஏறி ரயில்கள் நின்றன. தென்பெண்ணை நந்தி மலையில் பிறந்து, வர்த்தூர் ஏரியின் நீரையும் வாங்கிக்கொண்டு ஓசூர் வழியாகப் போகும் ஆறு, நம் வீட்டுப் பின்பக்கத்திலிருந்து கடலூருக்குப் போகும் ஆறு. எந்தப் புயல் படத்திலும் அது இருக்காது. கடலூருக்குப் போகிறவர் சாத்தனூர் நிலவரத்தைத் தனியாகத் தேடிப் பார்த்தே ஆக வேண்டும்.

போவதா, வரவழைப்பதா, இருப்பதா

பெற்றோரை வரவழைப்பதாக இருந்தால் அதற்கு நேரம் ஐந்து, நான்கு நாள் முன்னால். அட்டவணையில் 'மிதம்' ஏறி 'அதிகம்' ஆகிறது, ஐரோப்பியத் தொகுப்பில் பாதிக்கு மேல் நம் பக்கம் வருகிறது, மூன்று நாள் மழைப் படம் ஊர் மேல் ஊதா நிறத்தில் இருக்கிறது என்றால் எனக்கு அது போதும். புயலுக்குப் பெயர் வரும்வரை காத்திருந்தால் ரயிலில் இடம் கிடைக்காது. வெயில் அடிக்கும்போதே "கிளம்பு" என்று சொன்னால் அம்மாக்கள் கேட்பதில்லை என்பது உண்மை. பேரன் பேத்தியைப் பார்க்க வருவதாக வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். ஆற்றங்கரை, தாழ்வான பகுதி, ஓட்டு வீடு, டயாலிசிஸ் மாதிரித் தடைபடக் கூடாத சிகிச்சை, இதில் எது இருந்தாலும் நான் இந்த வழியைத்தான் சொல்வேன். புயல் வராமல் போனால் ஒரு டிக்கெட் செலவு. 2016-இல் வந்த நடா அப்படித்தான் வலுவிழந்து காரைக்கால் அருகே சத்தமில்லாமல் கடந்தது. அடுத்த பத்து நாளில் வர்தா வந்துவிட்டது.

2024 அக்டோபரில் சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை கொடுத்த அன்று பெரிதாக மழை இல்லை என்பதால், வேளச்சேரி மேம்பாலத்தில் காரை நிறுத்தியவர்களைப் பலர் கேலி செய்தார்கள். 2015-இலும் 2023-இலும் காரை இழந்த பேட்டைக்காரர்கள் அவர்கள். அவர்கள் செய்தது சரி.

மேடான இடத்தில், உறுதியான கான்கிரீட் வீட்டில், அக்கம்பக்கத்தில் ஆள் துணையோடு இருக்கும் பெற்றோரை அலைக்கழிக்க வேண்டியதில்லை. அவர்களுக்குப் பெரிய தொல்லை புயலுக்குப் பிறகு கரண்ட் இல்லாத நாட்கள்தான். தானேவுக்குப் பிறகு கடலூரில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. மோட்டார் ஓடாது, மேல்தொட்டியில் தண்ணீர் இருக்காது, போனில் சார்ஜ் இருக்காது. எனவே காற்று ஆரம்பிக்கும் முன்பே தொட்டியை நிரப்பி, குடிநீர்க் கேன் இரண்டு கூடுதலாக வாங்கி, மாத்திரையை இரண்டு வாரத்துக்கு எடுத்து வைத்து, பவர் பேங்க்கை ஏற்றி, கையில் கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டார் இருவரின் எண் உங்களிடம் இருக்கட்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. டிஎன் அலர்ட் செயலியை அவர்கள் போனில் நீங்களே இறக்கிக் கொடுத்துவிட்டால் எச்சரிக்கை தமிழிலேயே வரும்.

மூன்றாவது வழி, நாமே போய்க் கூட இருப்பது. மனசு இதைத்தான் கேட்கும், எனக்கும் அப்படித்தான். ஆனால் கரை கடக்கும் என்று சொல்லும் நேரத்துக்கு 36 மணி நேரமாவது முன்னால், பகலிலேயே வீட்டுக்குள் போய்ச் சேர முடிந்தால் மட்டும் கிளம்புங்கள். அதற்குள் முடியாது என்றால் போக வேண்டாம். வழியில் நீங்கள் மாட்டிக்கொண்டால், புயலையும் வைத்துக்கொண்டு உங்களையும் நினைத்து அவர்கள் தவிப்பார்கள். போவதானால் ரயில் முதலில், பஸ் அடுத்தது, சொந்தக் கார் கடைசி. பாலத்தில் தண்ணீர் ஏறினால் ரயிலை நிறுத்த அங்கே ஆள் இருக்கிறார்கள். இரவு இரண்டு மணிக்குச் சாலையில் ஓடும் தண்ணீரின் ஆழத்தைக் காருக்குள் உட்கார்ந்து நீங்கள் ஒருவரே கணிக்க முடியாது.

கடைசி இரண்டு நாளில் மாடல்களை மூடிவிடுகிறேன். அறிக்கையும், நுங்கம்பாக்கம் மண்டல மையம் தரும் மாவட்டவாரி மழை எச்சரிக்கையும் மட்டும். 21 சென்டிமீட்டருக்கு மேல் எதிர்பார்க்கும் அதி கனமழை எச்சரிக்கை கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி ஆகிய நான்கில் எதற்கு இருந்தாலும் பயணம் கிடையாது.

கரை கடந்த பிறகு, வீட்டில் எல்லாரும் நலம் என்று தெரிந்துவிட்டால் அவசரப்பட வேண்டாம். சாத்தனூரில் திறந்த தண்ணீர் கடலூர் வந்து சேர நேரம் எடுக்கும். அணையில் வெளியேற்றம் குறைந்துவிட்டது என்ற செய்தி வரட்டும். அப்புறம் கிளம்பும்போதும் திருவண்ணாமலைச் சாலையை விட்டுவிட்டுச் சேலம், உளுந்தூர்பேட்டை வழியாகப் போனால் தென்பெண்ணையின் கீழ்ப்பகுதியைக் கடக்காமலே கடலூர் சேரலாம். தூரம் கூடத்தான். விடியற்காலையில் கிளம்பினால் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போய்விடலாம். கூடவே ஒரு பெட்டி மெழுகுவர்த்தியும், கொசுவத்தியும், ஏற்றி வைத்த பவர் பேங்க் ஒன்றும் எடுத்துப் போங்கள்.